நிகழ்வெண்களை எண்ணி அணிக் கணக்குகளைத் தீர்ப்பது: முழுமையான வழிகாட்டி

ஓர் அணியில் (array; வரிசையாக அடுக்கிய மதிப்புகளின் தொகுப்பு) உள்ள மதிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு விடை தேடுவதுதான் நிரல் எழுதத் தொடங்கும் பெரும்பாலானோருக்கு முதலில் தோன்றும் வழி. ஒன்றினுள் ஒன்றாக இரண்டு மடக்குகளை (loop; மீண்டும் மீண்டும் ஓடும் வரிகள்) எழுதினால் விடை சரியாகவே வரும். ஆனால் அணியில் 1 லட்சம் உறுப்புகள் இருந்தால் ஏறத்தாழ 500 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்பதை, அதாவது அதன் நிகழ்வெண்ணை, எண்ணி வைத்துக்கொண்டால் அதே கணக்கை அணியை ஒருமுறை கடந்தே முடித்துவிடலாம். எண்ணுவது எளிது. எதை எண்ணுவது, எந்த நேரத்தில் எண்ணுவது என்பதைத் தீர்மானிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் மையமாகக் கொண்டது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஒரு கணக்கைப் படித்து முடித்ததும், அணியின் உறுப்புகளைக் கலைத்துப் போட்டால் விடை மாறுமா என்று கேட்டுப் பாருங்கள். மாறாது என்றால், அந்தக் கணக்கில் ஒவ்வொரு மதிப்பும் எந்த இடத்தில் இருக்கிறது என்பது தேவையற்ற தகவல்; நிகழ்வெண் அட்டவணை ஒன்றே அணியின் இடத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளும். ஒரே மதிப்புடைய ஜோடிகள் எத்தனை, மிகுதியாக வரும் மதிப்பு எது, இரண்டு அணிகளில் உள்ளவை ஒன்றேதானா என்பவை எல்லாம் இந்த வகை.

விடை மாறும் என்றால் எண்ணும் வழி பயன்படாது என்று பொருளல்ல. அப்போது அணியின் மதிப்புகளை அப்படியே எண்ணாமல், இடத்தையும் உள்ளடக்கிய வேறொரு அளவைக் கண்டுபிடித்து, அதை எண்ண வேண்டும். இடைப்பட்ட கூட்டுத்தொகை, மீதி, மதிப்புக்கும் சுட்டெண்ணுக்கும் (அணியில் அதன் இட எண்) உள்ள வேறுபாடு போன்றவை அத்தகைய அளவுகள். இதற்குப் பின்னர் வருவோம்.

கலைத்தாலும் மாறாத கணக்கில்கூட, நிகழ்வெண்ணைவிடக் குறைவான தகவலை வைத்துத் தப்பித்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. இரண்டு அணிகள் ஒரே மதிப்புகளைக் கொண்டவையா என்று அறியக் கூட்டுத்தொகையையும் பெருக்குத்தொகையையும் மட்டும் ஒப்பிடுவோர் உண்டு. 1, 6, 6 என்ற அணிக்கும் 2, 2, 9 என்ற அணிக்கும் கூட்டுத்தொகை 13, பெருக்குத்தொகை 36. ஆனால் இரண்டுக்கும் பொதுவான மதிப்பு ஒன்றுகூட இல்லை. முதல் அணியைக் கடக்கும்போது எண்ணிக்கையை 1 கூட்டி, இரண்டாவதைக் கடக்கும்போது 1 குறைத்து, இறுதியில் எல்லாம் 0 ஆக இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

எண்ணிக்கையை எங்கே வைப்பது

நிரலை எழுதும் முன் கணக்கில் கொடுக்கப்பட்டுள்ள மதிப்புகளின் எல்லையைப் பாருங்கள். மதிப்புகள் 0 முதல் 10 லட்சம் வரை இருந்தால், மதிப்பையே சுட்டெண்ணாகக் கொண்ட சாதாரண அணி போதும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 4 பைட் என்று கொண்டால் மொத்தம் 40 லட்சம் பைட்தான் ஆகும். வேகத்தில் இதை வெல்லும் வழி வேறு இல்லை. குறை எண்களும் வரும் என்றால், மிகச் சிறிய மதிப்பைக் கழித்துவிட்டு எண்ணினால் போதும்: −1000 முதல் 1000 வரை உள்ள மதிப்புகளுக்கு, ஒவ்வொன்றோடும் 1000 கூட்டினால் சுட்டெண்கள் 0 முதல் 2000 வரை அமைந்துவிடும்.

மதிப்புகள் 100 கோடி வரை போகலாம் என்றால் அதே அணிக்கு 400 கோடி பைட் நினைவகம் வேண்டும். உறுப்புகள் 1 லட்சம் மட்டுமே இருக்கும்போது இவ்வளவு இடத்தை ஒதுக்குவது பொருளற்றது. இங்கே ஹாஷ் மேப் உதவும்; அது ஒவ்வொரு சாவியோடும் (இங்கே அணியின் மதிப்பு) ஒரு தகவலை (இங்கே எண்ணிக்கை) இணைத்து, சாவிகளை உள்ளே பல பெட்டிகளில் பிரித்து வைக்கும் அமைப்பு. ஒரு சாவியைத் தேடவும் மாற்றவும் அதற்குச் சராசரியாக நிலையான நேரமே ஆகும். ஆனால் அந்தச் 'சராசரியாக' என்ற சொல்லை மறக்கக் கூடாது. எல்லாச் சாவிகளும் ஒரே பெட்டியில் விழுமாறு உள்ளீட்டை வேண்டுமென்றே அமைக்க முடியும்; நிரல் போட்டிகளில் சி பிளஸ் பிளஸ் மொழியின் ஹாஷ் மேப்பைக் குறிவைத்து அப்படிப்பட்ட சோதனைகள் எழுதப்படுவதுண்டு. ஜாவா 8 முதல், ஒரே பெட்டியில் சாவிகள் குவிந்தால் அவை விரைவாகத் தேடக்கூடிய சமநிலை மரமாக மாற்றப்படுவதால் பாதிப்பு குறைவு.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது; அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அணியின் ஒரு நகலை வரிசைப்படுத்தி, வேறுபட்ட மதிப்புகளுக்கு 0, 1, 2 என்று தர எண்களைக் கொடுத்து, மூல மதிப்புகளை அந்தத் தர எண்களால் மாற்றிவிட்டால், எவ்வளவு பெரிய மதிப்புகளையும் சிறிய அணியில் எண்ணலாம். ஒரே அணியின் மீது பல கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். வரிசைப்படுத்தும் செலவு ஒருமுறைதான். அதன் பிறகு ஹாஷ் பற்றிய எந்தக் கவலையும் இல்லை.

ஜோடிகளை எண்ணுதல்: எண்ணும் வரிசைதான் எல்லாம்

ஒரு மதிப்பு அணியில் 5 முறை வந்தால், அந்த மதிப்பை மட்டும் கொண்ட ஜோடிகள் 5 × 4 ÷ 2 = 10. எல்லா மதிப்புகளுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டினால் சம மதிப்புடைய ஜோடிகளின் மொத்த எண்ணிக்கை கிடைக்கும். இதில் கவனிக்க வேண்டியது விடையின் அளவு. 1 லட்சம் உறுப்புகளும் ஒரே மதிப்பாக இருந்தால் ஜோடிகள் 4,99,99,50,000. ஆனால் 32 பிட் முழு எண்ணில் வைக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 2,14,74,83,647. எனவே விடைக்கான மாறியையும், பெருக்கல் நடக்கும் இடத்தையும் 64 பிட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். மாறி பெரியதாக இருந்து, பெருக்கல் மட்டும் சிறிய வகையில் நடந்தாலும் விடை பிழையாகும்.

அடுத்து, கூட்டுத்தொகை ஓர் இலக்குக்குச் சமமாகும் ஜோடிகளை எண்ணுவோம். அணி 2, 4, 4, 6, 4, 2, இலக்கு 8. முதலில் எல்லாவற்றையும் எண்ணி முடித்துவிட்டு, ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் துணை மதிப்பின் (இலக்கிலிருந்து அதைக் கழித்தால் வருவதன்) நிகழ்வெண்ணைக் கூட்டினால் 1 + 3 + 3 + 2 + 3 + 1 = 13 என்று வரும். சரியான விடை 5. ஒவ்வொரு 4-ம் தன்னோடு தானே சேர்ந்ததாகக் கணக்கில் வந்துவிட்டதால் 3 மிகை. அதைக் கழித்தால் 10. ஒவ்வொரு ஜோடியும் இருமுறை எண்ணப்பட்டதால் அதை 2 ஆல் வகுத்தால் 5. இந்தத் திருத்தங்களைச் செய்து விடையைப் பெறலாம்தான். ஆனால் திருத்தமே தேவைப்படாத வழி இருக்கிறது:

```
விடை = 0
அணியின் ஒவ்வொரு மதிப்பு வ-க்கும்:
    விடை = விடை + எண்ணிக்கை[இலக்கு − வ]
    எண்ணிக்கை[வ] = எண்ணிக்கை[வ] + 1
```

முதலில் விடையில் கூட்டு, பிறகு அட்டவணையில் சேர். இந்த வரிசையினால், எந்த நேரத்திலும் அட்டவணையில் இருப்பவை தற்போதைய உறுப்புக்கு இடப்புறம் உள்ளவை மட்டுமே. ஓர் உறுப்பு தன்னையே துணையாகக் காண்பதற்கு வாய்ப்பில்லை. ஒவ்வொரு ஜோடியும் அதன் வலப்புற உறுப்பை அடையும்போது ஒரே முறை எண்ணப்படுகிறது. மேற்கண்ட அணியில் வரிசையாக 0, 0, 1, 1, 2, 1 என்று சேர்ந்து 5 வருகிறது. மடக்கினுள் இருக்கும் இரண்டு வரிகளை இடம் மாற்றி எழுதினால், ஒவ்வொரு 4-ம் தன்னையும் சேர்த்து எண்ணி விடை 8 ஆகிவிடும்.

இந்த ஒரு மடக்கை ஆழமாகப் புரிந்துகொள்வது மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று உறுதியாகச் சொல்வேன். இங்கே அட்டவணை வெறும் எண்ணிக்கை அல்ல. அது 'இதுவரை கடந்து வந்தவை' என்ற நினைவு. அந்த நினைவில் எதைச் சாவியாக வைப்பது என்பதை மாற்றிக்கொண்டே போனால், முற்றிலும் வேறாகத் தோன்றும் கணக்குகள் இதே நான்கு வரிகளில் அடங்கும்.

வரிசை முக்கியமாகும்போது: சாவியை மாற்றுதல்

சுட்டெண்களுக்கு இடையே உள்ள வேறுபாடும் மதிப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாடும் சமமாக இருக்கும் ஜோடிகள் எத்தனை என்று ஒரு கணக்கு கேட்பதாகக் கொள்வோம். வலப்புற உறுப்புக்கு உரியவற்றைச் சமன்பாட்டின் ஒரு பக்கத்திலும், இடப்புற உறுப்புக்கு உரியவற்றை மறுபக்கத்திலும் திரட்டினால், 'மதிப்பு கழித்தல் சுட்டெண்' என்ற அளவு இரண்டு உறுப்புகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடைக்கிறது. அந்த அளவைச் சாவியாக்கி எண்ணினால், இது சம மதிப்புடைய ஜோடிகளை எண்ணும் பழைய கணக்கே. இரு உறுப்புகளையும் இணைக்கும் நிபந்தனையை இப்படிப் பிரித்து எழுத முடிகிறதா என்று பார்ப்பதே இந்த வகைக் கணக்குகளில் முதல் படி.

இதன் மிகச் சிறந்த பயன், கூட்டுத்தொகை ஓர் இலக்குக்குச் சமமான தொடர் துண்டுகளை எண்ணுவதில் தெரியும். தொடர் துண்டு என்பது அணியில் இடைவெளியின்றி அடுத்தடுத்து இருக்கும் உறுப்புகள். தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் இடம் வரையிலான கூட்டுத்தொகையைக் குவிவுத் தொகை என்று வைத்துக்கொண்டால், எந்தத் துண்டின் கூட்டுத்தொகையும் இரண்டு குவிவுத் தொகைகளின் வேறுபாடுதான். ஆகவே, தற்போதைய குவிவுத் தொகையிலிருந்து இலக்கைக் கழித்தால் வரும் மதிப்பு இதற்கு முன் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கேட்டாலே போதும்.

```
எண்ணிக்கை[0] = 1
குவிவு = 0, விடை = 0
அணியின் ஒவ்வொரு மதிப்பு வ-க்கும்:
    குவிவு = குவிவு + வ
    விடை = விடை + எண்ணிக்கை[குவிவு − இலக்கு]
    எண்ணிக்கை[குவிவு] = எண்ணிக்கை[குவிவு] + 1
```

அணி 3, 4, −7, 1, 3, 3 என்றும் இலக்கு 7 என்றும் கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம். எதையும் சேர்ப்பதற்கு முன் குவிவு 0. அதற்காகத்தான் முதல் வரியில் 0-க்கு ஓர் எண்ணிக்கை தரப்படுகிறது. 3-ஐச் சேர்த்ததும் குவிவு 3, தேடுவது −4, அது இல்லை. 4-ஐச் சேர்த்ததும் குவிவு 7, தேடுவது 0, அது ஒருமுறை வந்திருக்கிறது, விடை 1. −7-ஐச் சேர்த்ததும் குவிவு மீண்டும் 0 ஆகிறது. தேடும் −7 இல்லை என்றாலும், 0-இன் எண்ணிக்கை இப்போது 2 ஆக உயர்கிறது. பிறகு குவிவு 1, 4 என்று நகரும்போது எதுவும் கிடைப்பதில்லை. கடைசி 3-ஐச் சேர்த்ததும் குவிவு 7, தேடுவது 0, அது இருமுறை வந்திருக்கிறது. விடை 3. அந்த மூன்று துண்டுகள்: 3, 4 என்பது ஒன்று, 1, 3, 3 என்பது ஒன்று, முழு அணியும் ஒன்று.

முதல் வரியை விட்டுவிட்டால், அணியின் தொடக்கத்திலேயே தொடங்கும் துண்டுகள் மட்டும் விடுபடும். இங்கே விடை 1 என்று வரும். பல சோதனைகளில் இத்தகைய துண்டு இல்லாமலே போகக்கூடும் என்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. குறை எண்கள் இருக்கும் அணியில் துண்டின் இரு முனைகளை நகர்த்திச் செல்லும் வழி இந்தக் கணக்கைத் தீர்க்காது. கூட்டுத்தொகை ஏறியும் இறங்கியும் செல்வதால் எந்த முனையை நகர்த்துவது என்று முடிவு செய்ய இயலாது. எண்ணும் வழிக்கு அந்தத் தடை இல்லை.

இதே வடிவம் சிறு மாற்றங்களோடு பல இடங்களில் வருகிறது. கூட்டுத்தொகை ஓர் எண்ணால் மீதியின்றி வகுபடும் துண்டுகளை எண்ண, குவிவுத் தொகையின் மீதியைச் சாவியாக்கி, அதே மீதி முன்பு எத்தனை முறை வந்தது என்று பார்க்க வேண்டும். இங்கே மொழிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஒன்று முக்கியம்: −7-ஐ 5 ஆல் வகுத்து மீதி கேட்டால் பைதான் 3 என்கிறது, சி பிளஸ் பிளஸும் ஜாவாவும் −2 என்கின்றன. பின்னவற்றில் மீதியோடு வகுக்கும் எண்ணைக் கூட்டி, மீண்டும் ஒருமுறை மீதி எடுத்த பிறகே சாவியாகப் பயன்படுத்த வேண்டும். 0-க்களும் 1-களும் சம அளவில் உள்ள துண்டுகளை எண்ண, 0-ஐ −1 ஆக மாற்றி, இலக்கை 0 ஆக வைத்தால் மேலே உள்ள நிரலே போதும்.

நகரும் சாளரத்தில் எண்ணிக்கை

அதிகபட்சம் க (கொடுக்கப்பட்ட ஓர் எண்) வேறுபட்ட மதிப்புகள் மட்டும் கொண்ட தொடர் துண்டுகள் எத்தனை என்ற கணக்கில், எண்ணிக்கையைக் கூட்டுவதோடு குறைக்கவும் வேண்டியிருக்கிறது. சாளரத்தின் (இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் தொடர் துண்டின்) வலது முனை முன்னேறும்போது மதிப்பு உள்ளே வருகிறது. வேறுபட்டவை க-ஐ மீறினால் இடது முனையிலிருந்து மதிப்புகள் வெளியேறுகின்றன.

```
இடது = 0, வேறுபட்டவை = 0, விடை = 0
வலது = 0 முதல் கடைசிச் சுட்டெண் வரை:
    எண்ணிக்கை[அணி[வலது]] 0 எனில்: வேறுபட்டவை-ஐ 1 கூட்டு
    எண்ணிக்கை[அணி[வலது]]-ஐ 1 கூட்டு
    வேறுபட்டவை > க ஆக இருக்கும்வரை:
        எண்ணிக்கை[அணி[இடது]]-ஐ 1 குறை
        அது 0 ஆனால்: வேறுபட்டவை-ஐ 1 குறை
        இடது-ஐ 1 கூட்டு
    விடை = விடை + (வலது − இடது + 1)
```

ஒன்றினுள் ஒன்றாக மடக்குகள் இருந்தாலும் இடது முனை ஒருபோதும் பின்னோக்கிச் செல்வதில்லை என்பதால், ஒவ்வோர் உறுப்பும் ஒருமுறை நுழைந்து அதிகபட்சம் ஒருமுறை வெளியேறுகிறது. எனவே மொத்த வேலை அணியின் நீளத்துக்கு நேர்விகிதத்தில்தான் இருக்கும்.

சரியாக க வேறுபட்ட மதிப்புகள் என்று கேட்டால் நேரடியாகச் சாளரத்தை நகர்த்துவது சிக்கலாகும். அதிகபட்சம் க என்பதற்கான விடையிலிருந்து அதிகபட்சம் க − 1 என்பதற்கான விடையைக் கழித்துவிடுங்கள். 1, 2, 1, 2, 3 என்ற அணியில் அதிகபட்சம் 2 வேறுபட்டவை உள்ள துண்டுகள் 12. அதிகபட்சம் 1 உள்ளவை 5. ஆகவே சரியாக 2 உள்ளவை 7.

வேறுபட்டவற்றின் எண்ணிக்கையைத் தனி மாறியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஹாஷ் மேப்பில் எத்தனை சாவிகள் உள்ளன என்று கேட்டு அந்த எண்ணைப் பயன்படுத்தினால், எண்ணிக்கை 0 ஆகிவிட்ட சாவிகளும் அதில் சேர்ந்துவிடும். பைதானில் எண்ணுவதற்கென உள்ள கவுண்டர் என்ற அமைப்பில் ஒரு சாவியின் எண்ணிக்கையை 0 ஆகக் குறைத்தாலும் அது நீங்குவதில்லை. சி பிளஸ் பிளஸில் இல்லாத சாவியைச் சதுர அடைப்புக்குறியால் படித்தாலே அது 0 என்ற மதிப்போடு புதிதாக உருவாகிவிடும்.

எண்ணிக்கைகளையே எண்ணுதல்

சாளரத்தில் மிகுதியாக வரும் மதிப்பின் நிகழ்வெண் எப்போதும் தெரிந்திருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு நிகழ்வெண்ணையும் எத்தனை மதிப்புகள் பெற்றுள்ளன என்று இரண்டாவது அட்டவணையில் எண்ணலாம். ஒரு மதிப்பின் நிகழ்வெண் 3-லிருந்து 4 ஆனால், இரண்டாவது அட்டவணையில் 3-க்கு உரியதை 1 குறைத்து, 4-க்கு உரியதை 1 கூட்ட வேண்டும். ஒரு மதிப்பை நீக்கும்போது, உச்ச நிகழ்வெண்ணைப் பெற்றிருந்தது அது ஒன்று மட்டுமே என்றால் புதிய உச்சத்தைத் தேட வேண்டுமோ என்ற ஐயம் எழும். தேவையில்லை: நீக்கப்பட்ட அதே மதிப்பு இப்போது ஒரு படி கீழே நிற்பதால், புதிய உச்சம் பழையதைவிடச் சரியாக 1 குறைவு. மரம், குவியல் போன்ற தரவு அமைப்புகள் இல்லாமல் ஒவ்வொரு மாற்றமும் நிலையான நேரத்தில் முடிகிறது. இந்த அமைப்பின் எளிமை எனக்கு எப்போதும் பிடித்தமானது.

நிகழ்வெண்களின் மொத்தக் கூட்டுத்தொகை அணியின் நீளத்தைத் தாண்ட முடியாது என்பது இன்னொரு வலிமையான உண்மை. 1 + 2 + 3 என்று 446 வரை கூட்டினால் 99,681. 447-ஐயும் சேர்த்தால் 1,00,128. எனவே 1 லட்சம் உறுப்புகள் உள்ள எந்த அணியிலும், ஒன்றுக்கொன்று வேறான நிகழ்வெண்கள் அதிகபட்சம் 446தான் இருக்க முடியும். வேறுபட்ட மதிப்புகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் இந்த எல்லை மாறாது. நிகழ்வெண்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட வேண்டிய கணக்குகளில் அவ்வாறு ஒப்பிடுவது அஞ்சத்தக்கதல்ல என்பதற்கு இதுவே ஆதாரம். மிகுதியாக வரும் க மதிப்புகளைக் கேட்கும் கணக்கிலும், நிகழ்வெண் நீளத்தைத் தாண்டாது என்பதால், மதிப்புகளை நிகழ்வெண்வாரியாகப் பெட்டிகளில் இட்டு மேலிருந்து எடுத்தால் வரிசைப்படுத்தத் தேவையே இராது.

உறுப்புகளை விட்டு மதிப்புகளின் மீது மடக்கை ஓட்டுவதும் சில நேரம் பெரும் பயன் தரும். ஒன்று மற்றொன்றை மீதியின்றி வகுக்கும் ஜோடிகளை எண்ண, அணியில் உள்ள ஒவ்வொரு மதிப்புக்கும் அதன் மடங்குகளை மட்டும் பார்த்து, இரண்டின் நிகழ்வெண்களைப் பெருக்கிக் கூட்டலாம். மதிப்பு தன்னையே வகுக்கும் நிலைக்கு மட்டும் பெருக்கலுக்குப் பதிலாக முன்பு கண்ட பாதி வாய்பாடு. மதிப்புகள் 10 லட்சம் வரை இருந்தால், எல்லா மடங்குகளையும் பார்க்க ஆகும் படிகள் மிகுந்தால் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம். இது ஒரு நொடிக்குள் முடியும் வேலை.

எண்ணிக்கையே வைக்காமல் எண்ணுதல்

அணியில் பாதிக்கு மேல் வரும் மதிப்பைக் கண்டுபிடிக்க அட்டவணையே தேவையில்லை என்று ராபர்ட் பாயரும் ஜே ஸ்ட்ரோதர் மூரும் 1981-இல் காட்டினர். ஒரு வேட்பாளரையும் ஒரு கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு, அதே மதிப்பு வந்தால் 1 கூட்டி, வேறு மதிப்பு வந்தால் 1 குறைத்து, கணக்கு 0 ஆக இருக்கும்போது வரும் மதிப்பைப் புதிய வேட்பாளராக ஏற்க வேண்டும். பாதிக்கு மேல் வரும் மதிப்பு ஒன்று இருந்தால் அதுவே இறுதியில் எஞ்சும். இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று எஞ்சும் என்பதால், அப்படி ஒன்று உண்டு என்று கணக்கிலேயே உறுதி தரப்படாதபோது, இரண்டாவது முறை கடந்து அதன் நிகழ்வெண்ணைச் சரிபார்ப்பது கட்டாயம்.

நிரலைச் சோதித்தல்

எழுதிய நிரலை, இரண்டு மடக்குகள் கொண்ட மெதுவான நிரலோடு ஒப்பிட்டுச் சோதியுங்கள். தற்செயல் எண்களை (random) உருவாக்கும்போது பெரிய மதிப்புகளைக் கொடுத்தால் எதுவும் மீண்டும் வராது. எல்லா நிகழ்வெண்ணும் 1 ஆகவே இருந்து, பிழையுள்ள நிரலும் தேறிவிடும். 6 அல்லது 7 உறுப்புகள், −2 முதல் 2 வரை மதிப்புகள் என்ற அளவில் சில ஆயிரம் அணிகளை ஓட்டிப் பாருங்கள். தன்னோடு தான் சேர்ந்த ஜோடி, விடுபட்ட தொடக்க 0, குறை எண்ணின் மீதி ஆகிய மூன்று பிழைகளும் அந்தச் சிறிய எல்லைக்குள்ளேயே அகப்பட்டுவிடும். முழு எண் வகையின் அளவு மீறும் பிழை மட்டும் அங்கே தெரியாது. அதற்கு 1 லட்சம் உறுப்புகளும் ஒரே மதிப்பாக உள்ள அணி ஒன்றைத் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.